முதல் அதிகாரத்தோடு நிறுத்திய பிரசங்கம்

ஜனவரி 27, சனி

மழை. எங்கள் தீவில் புயல் அடித்துப் பதினெட்டு நாள். ஆலயத்துக்குக் கூரை இல்லை. நாளை ஆராதனை பள்ளிக்கூட மைதானத்தில், தார்ப்பாய்க்குக் கீழேதான். மூன்று பேரைப் புதைத்திருக்கிறோம். இருப்பவர்களுக்கு என்ன சொல்ல? காலையிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். சபை மூப்பர் அபெனிசா எட்டிப் பார்த்தார். "சனங்க சோர்ந்து கெடக்காங்க ஐயா. உலுக்கி எடுங்க."

ஜனவரி 28, ஞாயிறு

உலுக்கினேன். தேவனுக்குத் தப்பி ஓடிய தீர்க்கதரிசியின் கதை. அவன் ஒருவனால் கப்பலே புயலில் தவித்தது. அவனைக் கடலில் எறிந்த பிறகுதான் அலை அடங்கியது. "நம்ம ஊர்க் கப்பல்லயும் அப்படி ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்!" என்று கத்தினேன். இருபத்திரண்டு வருட ஊழியத்தில் இப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை. பெண்கள் ஈரமண்ணில் விழுந்தார்கள். அபெனிசா என் கையை விடவேயில்லை. "பிரசங்கம்னா இது!"

மறைக்காமல் எழுதுகிறேன் — சந்தோஷமாக இருக்கிறது.

ஜனவரி 30, செவ்வாய்

அந்த ஒருவன் யார் என்று ஊர் முடிவுசெய்துவிட்டது. விலிமோனே. புயலுக்கு முந்தின ஞாயிறு, ஓய்வுநாளில், மீன் பிடிக்கப் போனவன். பிள்ளைகளுக்கு வீட்டில் ஒன்றுமில்லை என்று போனான். குழாயடியில் அவன் மனைவி செரெயனாவின் வாளியைக் கவிழ்த்திருக்கிறார்கள். நிவாரண அரிசிக்கு அவள் முறை வந்தபோது தீர்ந்துபோச்சு என்றார்களாம்.

"நீங்க போய்ச் சொல்லக்கூடாதா?" என்றாள் என் மனைவி லித்தியா. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 1, வியாழன்

விலிமோனே வந்தான். வாசலோடு நின்றுகொண்டான்.

"ஐயா, அந்த ஆளு நான்தானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். உள்ளே அபெனிசா யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "ஜெபம் பண்ணுப்பா" என்றேன்.

"என்னைப் போட்டா அடங்கிடும்ல?" என்று சிரித்தான். வேடிக்கையாகத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். நினைத்தேனா?

பிப்ரவரி 3, சனி

விலிமோனேயின் படகு மட்டும் பவளத்திட்டில் ஒதுங்கியிருக்கிறது. வலையும் தூண்டிலும் வீட்டில் இருக்கின்றன.

பிப்ரவரி 4, ஞாயிறு

காய்ச்சல்னு சொல்லிட்டேன். பொய். எந்த வாயை வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?

பிப்ரவரி 8, வியாழன்

உடல் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

வேதத்தில் அந்தக் கதையை மறுபடி வாசித்தேன். நான்கு அதிகாரம். கடலில் விழுந்தவனை தேவன் சாகவிடவில்லை. கடைசியில் கெட்டுப்போன ஒரு நகரத்தின் ஒன்றும் அறியாத பிள்ளைகளுக்காக, ஆடுமாடுகளுக்காகக்கூட அவர் இரங்குகிறார். அதோடுதான் கதை முடிகிறது. நான் முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிட்டேன். சத்தம் அதில்தான் இருந்தது.

அவனவன் தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொள்வான் என்று எண்ணினேனா? எதையுமே எண்ணவில்லை. வாக்கியம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். கேட்ட அத்தனை பேரிலும் ஒருவன்தான் தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்டான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

நான்கு அதிகாரத்தையும் வாசித்தேன். குரலை உயர்த்தவில்லை. "புயல் விலிமோனேயால வரலை. நான் சொன்னது தப்பு. அவன் வந்து கேட்டப்பவும் வாயைத் திறக்கலை" என்றேன்.

யாரும் அழவில்லை. அபெனிசா எழுந்தார். "அப்ப நாங்க கொலைகாரங்களா ஐயா?"

"என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

பாதிப் பேர் அவரோடு போய்விட்டார்கள். செரெயனா வெளியே ஈரப்பலா மரத்தடியில் நின்று கேட்டாள் என்று லித்தியா சொன்னாள். முடியும் முன்பே போய்விட்டாளாம்.

மார்ச் 20, செவ்வாய்

சபைத் தலைமையிலிருந்து கடிதம். இனி நான் பிரசங்கிக்கக் கூடாது.

மே 19, சனி

செரெயனா வீட்டுக்குத் தகரம் போட்டோம். அவள் அண்ணனும் நானும்தான் தொடங்கினோம். பத்து மணிக்கு அபெனிசா சுத்தியலோடு வந்து நின்றார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை; நேராக மேலே ஏறிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

மதியம் செரெயனா எலுமிச்சை இலைத் தேநீர் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள், அபெனிசாவுக்கும்கூட. என்னைக் கடந்து போனாள். நியாயம்தான்.

போனவள் திரும்பி, மூன்று மாதத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"ஏணி ஆடுது. புடிச்சுக்குங்க."

வேலை முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.