அம்மை கண்ட வீட்டுக்குள் யார் வரலாம்

பெரிய காஞ்சிபுரம்
14.3.2024, இரவு

அன்பு எஸ்தர்,

இந்த அர்த்தராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். குமரன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். முகமெல்லாம் அம்மைக் கொப்புளம். சொறிந்துவிடுவானோ என்று இவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ போனை எடுப்பதில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இளநீரோடு பஸ் பிடித்து வந்தவளை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டேன். கோபமா? வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாளை விடக்கூடாது. என் மாமியாரின் கண்டிப்பு உனக்குத் தெரியாதா? நீதானே மண்டபம் முகாமைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாய்! இலங்கைக்குக் கப்பலேறுமுன் காலராவுக்குப் பயந்து வெள்ளைக்காரன் எல்லாரையும் அங்கே அடைத்துவைத்தானே, நாங்கள் செய்ததும் அதுதான் தாயே. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் வா. பிள்ளை உன்னைத்தான் கேட்கிறான்.

உன் காவேரி


செவிலிமேடு
18.3.2024

அன்புள்ள காவேரி,

குமரனுக்குக் கொப்புளம் வாடுகிறதா? கண்ணில் கை வைக்காமல் பார்த்துக்கொள்.

எல்லாரையும் அடைக்கவில்லைப்பா. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளைத்தான் வேலிக்குள் வைத்தார்கள். எங்கள் அந்தோணித் தாத்தாவின் துணியைக்கூடக் கழற்றி வாங்கி ஆவியில் வேகவைத்தார்களாம். முதல் வகுப்புக்காரர்களை டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். கிருமிக்கு டிக்கெட் படிக்கத் தெரியும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

வெளியாள் யாரையுமே விடவில்லை என்றால் எனக்கென்ன கோபம்? எதிர்வீட்டு கமலவேணி உன் கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். அதனால்தான் போனை எடுக்க முடியவில்லை.

எஸ்தர்


பெரிய காஞ்சிபுரம்
21.3.2024, இரவு

எஸ்தர்,

உன் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன்.

"கமலவேணி நம்ம மனுஷிம்மா. அவ வந்தா ஆத்தா கோச்சிக்க மாட்டா. அந்தப் பொண்ணு கும்புடற சாமி வேற இல்ல?" என்றார்.

"சாமிதான் காரணமா அத்தை?"

"தெரிஞ்சிக்கினே கேக்கறியே," என்று தறிக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நீ நின்றுகொண்டிருந்தபோதே இதைக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் வாயடைத்துப் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை.

குமரனுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. உன்னை இங்கே வா என்று கூப்பிட இனி எனக்கு வாய் வரவில்லை. அவனை அழைத்துக்கொண்டு நான் செவிலிமேட்டுக்கு வரலாமா? வேண்டாம் என்றாலும் அதையாவது எழுது. சீக்கிரம் பதில் போடு.

காவேரி