மருந்துக் கவரில் மூன்று கட்டம்

மந்தைவெளி, சென்னை-28
11-8-97

அன்பு மகள் சிந்துவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஸ்ரீஹரியும் மெல்போர்ன் குளிரில் சளி இருமல் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகக் கை வரவில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தாள். பதறாதே, ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ரத்தத்தில் அணுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டன. நேற்றோடு மூன்று ஞாயிறு நீ போன் செய்தபோது அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேசக்கூடாது என்று சொன்னேனே, அது பொய். அவளுக்கு வாயெல்லாம் புண். அந்தப் புண்ணுக்குக் காரணம் நான்.

அவளுக்கு மூட்டுவலி முற்றி விரல் மடக்க முடியாமல் போனது உனக்குத் தெரியும். அடையாறில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்தோம். அவர் புது மாத்திரை எழுதி, இது வாரத்துக்கு ஒன்றுதான், வியாழக்கிழமை காலை மட்டும், கூடினால் விபரீதம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் அப்போது வெளியே பீஸ் கட்டிக்கொண்டிருந்தேன். மருந்து வாங்கியதும் அவள்தான், நம் தெருமுனை மெஹபூப் பாஷா கடையில். அவரும் கவரில் டிக் போட்டுவிட்டு, வாரத்துக்கு ஒண்ணும்மா, மறந்துடாதீங்க என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கவர் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால், நான் பிரஸ்ஸில் ஃபோர்மேனாக இருந்த கடைசி வருஷம், பாஷா வந்து புலம்பினார். இன்னா சார் பண்றது, எழுதிக் குடுத்தா படிக்கத் தெரியல, சொல்லி அனுப்பினா மறந்துட்றாங்கோ என்றார். நான்தான் யோசித்து மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். கிளம்புகிற சூரியன், உச்சிச் சூரியன், நிலா, ஒவ்வொன்றுக்கும் கீழே டிக் போட இடம். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற புஷ்பம் கடைக்கு வந்திருந்தாள், அவளிடம் காட்டினோம். ஒரு எழுத்து தெரியாதவள், இது காலைல, இது மத்தியானம், இது ராத்திரி என்று டக்கென்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நாலு கடைக்காரர்கள் அதே பிளாக்கில் அச்சடித்துக்கொண்டு போனார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் அலமாரியில் அந்தக் கவர் இருக்கிறதா என்று என் கண் தேடும். அவ்வளவு திமிர் எனக்கு.

மருந்து வாங்கிய மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, காபி குடித்ததும் கவரை எடுத்தேன். சூரியனுக்குக் கீழே டிக் இருந்தது. மாத்திரையைக் கையில் கொடுத்தால், ஏங்க, இது வியாழக்கிழமைதானே, டாக்டரும் சொன்னார், பாஷா பாயும் சொன்னார் என்றாள். நான் கேட்டேனா? கவரை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, காலையில்னு பளிச்சுன்னு போட்டிருக்கு, காதால கேட்டதை நம்பாதே, அச்சுல இருக்கறதைப் பார் என்றேன். மறுநாளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், வள்ளென்று விழுந்தேன். அதற்கப்புறம் நான் நீட்டியதை வாங்கி முழுங்கிவிடுவாள். ஒன்பது நாள், சிந்து. ஒன்பது காலை என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பத்தாம் நாள் ஜுரம் கொதித்தது, தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. டாக்டரின் சீட்டு அத்தனை நாளும் டிராயரில்தான் கிடந்தது. ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால் போதும். கவர்தான் தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒன்று என்று குறிக்க அதில் நான் இடமே வைக்கவில்லை என்பது என் மண்டையில் உறைக்கவேயில்லை.

மாடி வீட்டு வஜீஹா டீச்சர் தினமும் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தார், அவருக்கு ஒரு கடிதம் போடு. எட்டாம் நாள் அம்மா கொஞ்சம் பேசினாள். தெரிஞ்சுகிட்டே ஏன் முழுங்கினே என்று கேட்டேன். எவ்வளவு பேர் அந்தக் கவரைப் பார்த்துத்தான் மாத்திரை சாப்பிடறாங்க, நீங்க போட்ட கட்டம் தப்பா இருக்காது, எனக்குத்தான் காது சரியா கேக்கலையோன்னு நெனச்சுட்டேன் என்றாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

பாஷா கடையில் மிச்சமிருந்த கவர்களை வாங்கிவந்து கிழித்துப் போட்டேன், மற்ற நாலு கடைக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஏழு கிழமைக்கும் கட்டம் போட்டுப் புதுசாக ஒன்று வரைந்து அம்மாவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். எல்லாம் போட்டிருக்கீங்க, சொன்னதை எழுதிக்க ஒரு இடம் விடலையே என்றாள். திரும்ப வரைந்து, அடியில் பாதிக் கவரை எழுதிக்கொள்ள வெறுமையாக விட்டுவிட்டேன்.

நீங்களும் அங்கே மருந்து வாங்கினால் டாக்டர் சொன்னதைச் சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு வாயில் போடுங்கள். என்மேல் கோபம் வந்தால் வரட்டும், அது நியாயம்தான். நேற்று நான் உன்னிடம் பொய் சொன்னபோது அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ரிசீவரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவளுக்கு எப்படியிருக்கிறது என்பதையும் நானேதான் சொல்லியிருக்கிறேன்.

கபாலீஸ்வரர் உங்கள் இரண்டு பேரையும் நோய் நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு போன் செய்யும்போது நான் எடுத்து, அம்மா நல்லாயிருக்கா என்று ஆரம்பித்தால் என்னைப் பேசவிடாதே. அவளிடம் கொடுக்கச் சொல்லு. வாய்ப்புண் ஆறிவருகிறது, மெதுவாகத்தான் பேசுவாள், நீ பொறுமையாகக் கேள்.

உன் அப்பா,
மா. சண்முகசுந்தரம்