மறைத்து வைத்த ஆடுகள்

அன்புள்ள அப்பாவுக்கு, டெல்லியிலிருந்து சங்கவி. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சமூகவியல் சிந்தனை வரலாறு நடத்தும் பேராசிரியர் நேற்று தன் பழைய புத்தகத்தை வாசித்தார். கல்வராயன் மலையில் வெள்ளையன் என்பவருக்கு ஓர் ஆடுகூட இல்லையாம், மலைமக்கள் சோம்பேறிகளாம். அன்று நம் வீட்டுக்கு வந்த அவரை, ஆடு மேய்த்தால் அபராதம் போடும் வனத்துறை ஆள் என்று நினைத்துப் பயந்து, "ஆடா? ஒண்ணும் இல்லிங்க சார்" என்று நீங்கள் சொன்னதை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே, அதுதான்.

"அவர் என் அப்பா" என்று எழுந்தேன். வகுப்பே சிரித்தது.

அவர் புத்தகத்தைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். அவர் போன ஒவ்வொரு வீட்டிலும் மறுபடி கேட்பேன். உங்கள் பெயரைப் போட்டவரின் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் போட்டு, அவர் முன்னாலேயே வாசிப்பேன். விடமாட்டேன்.

சாமை அரிசி அனுப்புங்கள், ஒருத்திக்குப் போதுமான அளவு. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எனக்காவது உண்மையைச் சொல்லுங்கள்: அன்றைக்கு எத்தனை ஆடுகளை மறைத்தீர்கள்?

உங்கள் மகள்,
சங்கவி