ஆட்சேபணை இல்லாத இடம்

3 ஆகஸ்ட் 1988

பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருமுறை என்னிடம் கேட்டாள்: “டீச்சர், லைப்ரரில பேசக்கூடாதுன்னா, படிச்சத எங்க போய்ப் பேசறது?” நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கேள்வி மட்டும் நிற்கிறது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, கொரட்டூர் கிளை நூலகத்துக்குள் நுழையும்போதெல்லாம் அவள் வந்து கேட்டுவிட்டுப் போகிறாள்.

இன்றும் கேட்டாள். பத்திரிகை மேசையில் இரண்டு பெரியவர்கள், மழை வருமா வராதா என்று குசுகுசுவென்று சண்டை. நூலகர் மணவாளன் வாயே திறக்கவில்லை. பென்சிலைத் தூக்கி, சுவரில் இருக்கும் ‘அமைதி காக்கவும்’ பலகையைக் காட்டினார். அவ்வளவுதான். மழை நின்றுவிட்டது.

அதே சுவரில் புதிதாக ஓர் அறிவிப்பு. ஏரிக்கரைத் தெருவுக்கும் எஸ்டேட் சாலைக்கும் நடுவில் இருக்கும் திடலைச் சுற்றுச்சுவர் எழுப்பி லாரி நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்களாம். ‘ஆட்சேபணை உள்ளவர்கள் செப்டம்பர் 30-க்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.’ பக்கத்தில், குடை தொலைந்துபோன அறிவிப்பு. குடையை எல்லாரும் நின்று படிக்கிறார்கள். திடலை யாரும் படிக்கவில்லை.

4 ஆகஸ்ட்

அந்தத் திடலுக்குக் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. ஏரிக்கரைத் தெருப் பெண்கள் காலையில் எஸ்டேட்டுக்கு, அதாவது தொழிற்பேட்டைக்கு, அதில்தான் வேலைக்குப் போகிறார்கள். சுவர் வந்தால் லாரி ஓடும் ரோடு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். போன வருடம் அந்த ரோட்டில்தான் சொர்ணத்தை வண்டி இடித்தது. இன்னும் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். பாதை அடைபட்டால் அவளால் வேலைக்குப் போக முடியாது. கணக்கு இவ்வளவு எளிது.

சொர்ணமும் அவள் அக்கா கன்னியம்மாவும் நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போவார்கள். ஒரே பேக்கிங் கம்பெனியில் வேலை. நிறுத்திச் சொன்னேன். “எழுதிக் கொடு கன்னியம்மா. ஆட்சேபணைன்னு ஒரு வரி போதும்.” அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது.

“அதெல்லாம் நமக்கு இன்னாத்துக்கு டீச்சரம்மா. நேரமாவுது.” தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

9 ஆகஸ்ட்

ஒரு தாளில் நானே எழுதி எடுத்துக்கொண்டு ஏரிக்கரைத் தெரு முழுக்க நடந்தேன். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வேர்க்கடலைகூட. கையெழுத்து மட்டும் யாரும் கொடுக்கவில்லை. தாளில் ‘ஆட்சேபணை’ என்ற தலைப்பைக் கண்டதும் ஒவ்வொருவருக்கும் ஏதோ வேலை வந்துவிட்டது.

பிரகாசம் சிரிக்கிறார் (கணவர் பெயரை இங்கே மட்டும்தான் எழுதுவேன், நேரில் சொன்னதில்லை). “ஞானம், வாத்தியாரம்மா பேப்பரோட வந்தா வீட்டுப்பாடம்னு நெனச்சு ஓடத்தான் செய்வாங்க.”

10 ஆகஸ்ட்

அக்கறை இல்லாதவர்கள் வேர்க்கடலை கொடுப்பார்களா? வேறு ஏதோ இருக்கிறது. என்ன?

16 ஆகஸ்ட்

மணவாளனிடம் கேட்டேன்: நூலகத்தில் வைத்து எல்லாரும் இதைப் பற்றிப் பேசினால் என்ன? அறிவிப்பு இங்கேதானே இருக்கிறது?

மனிதர் வெலவெலத்துப் போனார். “உள்ள கூட்டம் போட்டா மேலேர்ந்து விளக்கம் கேப்பாங்க டீச்சர்.” பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். நான் கிளம்பி வாசற்படி இறங்கியபோது பின்னாலேயே வந்துவிட்டார்.

“வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. கதவு பூட்டியிருக்கும். வராண்டாவுல உக்காந்து நாலு பேரு பேசினா, அது வராண்டா சமாச்சாரம். நூலகச் சமாச்சாரம் இல்ல.”

நூலகத்தில் அவர் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போல இருக்கிறது.

19 ஆகஸ்ட், வெள்ளி

வந்தவர்கள்: மழைச் சண்டைப் பெரியவர்கள் இருவரும், பிரகாசம், மணவாளன். அழைக்காமலே வந்தவர் சுலைமான் பாய், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். ஏரிக்கரைத் தெருவிலிருந்து ஒருவரும் இல்லை.

சுலைமான் பாய் நின்றுகொண்டே ஆரம்பித்தார். “யாரு போட்டான் அந்த நோட்டீசன்னு தேட வேணாம் டீச்சர். எடம் வேணும்னு மனு போட்டது நாந்தான்.”

சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவர் சொன்னது: ரோட்டின் இரண்டு ஓரமும் லாரி நிற்கிறது. நடப்பவர்கள் நடு ரோட்டில் நடக்கிறார்கள். “அந்தப் பொண்ணு அடிபட்டது எப்பிடின்னு நெனக்கிறீங்க? நின்னுகினு இருந்த லாரி மறச்சிடுச்சு. வந்த வண்டிக்கு அது தெரியல. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடினது என் டிரைவர்தான். வண்டிங்க ரோட்ட விட்டு உள்ள வந்தா ரோடு நடக்கறவங்களுக்கு. அதுக்குத்தான் எடம் கேட்டேன்.”

நான் சுவர் வேண்டாம் என்பதும் சொர்ணத்துக்காக. இவர் இடம் கேட்டதும் சொர்ணத்துக்காக. இரண்டு வாரமாக ஒரே சுவரை ஆளுக்கு ஒரு பக்கம் நின்று பார்த்திருக்கிறோம். இவர் பக்கம் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவரும் தினம் பத்திரிகை மேசைக்கு வருகிறார், நானும் வருகிறேன். நடுவில் அந்த ‘அமைதி காக்கவும்’ பலகை.

20 ஆகஸ்ட்

கன்னியம்மா தானாகவே வந்தாள். வாசலிலேயே நின்றாள். நேற்று சுலைமான் பாய் பேசியது அவள் காதுக்குப் போயிருக்கிறது.

“அந்த ஆளு வந்து பேசிட்டுப் போறான். நாங்க வரலன்னு உனக்குக் கோவம், இல்ல?”

“கோபம் இல்ல. காரணம் தெரியல. அதுதான்.”

அப்போதுதான் சொன்னாள். அவர்கள் தெரு முழுவதும் புறம்போக்கு. பட்டா கேட்டு எத்தனையோ வருடமாக அலைகிறார்கள். அலுவலகத்தில் ஒவ்வொரு தடவையும் சொல்வது: இது ஆட்சேபணை இல்லாத புறம்போக்கு, அதனால் பட்டா கிடைக்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஆட்சேபணை உள்ள புறம்போக்கு, அங்கே வீடுகளை எடுத்துவிடுவார்கள்.

“நாங்க எங்க கையாலயே ஆட்சேபணன்னு எழுதிக் குடுத்தா? எங்க எடமும் ஆட்சேபண எடமா பூடும். ஊடு போச்சு. நீ பேப்பர தூக்கினு ஊடு ஊடா வந்த பாரு, தெருவே கெதிகலங்கிப் போச்சு.”

அதற்குத்தான் தண்ணீர். அதற்குத்தான் வேர்க்கடலை. என்னைப் பேசவிடாமல் வழியனுப்புவதற்கு.

அக்கறை இல்லை என்று நான் சந்தேகப்பட்டது இத்தனை பெரிய அக்கறையை. இரண்டு ஆட்சேபணையும் வேறு வேறு என்று புரியவைக்க, வழக்கம்போல் ஓர் உதாரணம் எடுத்தேன். “தலைவலின்னு சொல்றோம், தலைவாசல்னும் சொல்றோம். ரெண்டுலயும் தலை இருக்கு. தலைவாசலுக்கு வலிக்குமா?”

“எங்க ஊட்டுத் தலவாசல இடிச்சா எங்களுக்குத்தான் வலிக்கும்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. “உனக்குத் தெரியும் டீச்சரம்மா, ரெண்டும் வேற வேறன்னு. ஆபீசுல குந்திகினு கீறவனுக்குத் தெரியுமா?”

இதற்கு உதாரணம் போதாது. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவரே வந்து சொன்னால்தான் உண்டு.

21 ஆகஸ்ட்

கிராம நிர்வாக அலுவலர் சம்பத் எங்கே இருப்பார் என்று ஊரெல்லாம் விசாரித்தேன். மணவாளன் பென்சிலால் காட்டினார். பத்திரிகை மேசை, மூன்றாவது நாற்காலி. தினமும் காலையில் அங்கேதான் உட்காருகிறாராம். நான் இத்தனை நாள் யாரென்று தெரியாமலே விளையாட்டுப் பக்கத்தை அவரிடமிருந்துதான் வாங்கிப் படித்து, வீட்டில் பிரகாசத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். “பதில் தெரிஞ்ச கேள்விதான டீச்சர்? தெரியாததுன்னா லீவு போட்டுருவேன்.”

26 ஆகஸ்ட், வெள்ளி

வந்தார்கள். தெருவே வந்தது. செருப்புகள் வாசற்படி தாண்டி ரோடு வரைக்கும். முதலில் யாரும் வராண்டாவில் ஏறவில்லை, கீழேயே நின்றார்கள். “மேல வாங்க” என்று மணவாளன் கூப்பிட்டார். நல்ல உரத்த குரல் அவருக்கு. இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தார்?

சுலைமான் பாயைப் பார்த்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: “லாரி வந்துடுச்சு, ஒதுங்குங்கடி.” பாய் அசரவில்லை. “ஒதுங்க எடம் இல்லாமத்தாம்மா இங்க வந்து கீறேன்.” சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பாதி பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

கன்னியம்மா எழுந்து சம்பத்தை நேராகவே கேட்டாள். ஆட்சேபணை என்று எழுதினால் எங்கள் இடம் ஆட்சேபணை இடம் ஆகுமா, ஆகாதா?

சம்பத் அந்தச் சொல்லைத் தினமும் எழுதுகிறவர், அவரிடம் அதை இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொன்னார்: “ஆகாதும்மா. அது வேற, இது வேற. அந்த ஆட்சேபணை நாங்க உங்களப் பாத்துச் சொல்றது. இந்த ஆட்சேபணை நீங்க எங்களப் பாத்துச் சொல்றது.”

கன்னியம்மா தெருக்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாங்ககூட சொல்லலாமா?” என்றாள் கன்னியம்மா.

“சொல்லச் சொல்லித்தான் நோட்டீசே ஒட்டியிருக்கு.”

“அப்ப இத்தினி நாளு அந்த வார்த்த எங்களுது இல்லன்னு நெனச்சிகினு இருந்தோமே.”

முப்பது வருடம் சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சொல் யாருடையது என்று கேட்டதே இல்லை.

2 செப்டம்பர், வெள்ளி

இன்றைக்கு வராண்டாத் தரையில் சாக்பீஸால் திடலை வரைந்தேன். எவ்வளவு நாள் கழித்து சாக்பீஸ். ஏரிக்கரை, எஸ்டேட் சாலை, வேப்பமரம், பாதை. சுலைமான் பாய் தீப்பெட்டிகளை லாரிகளாக நிறுத்தினார். “வண்டி திரும்பறதுக்கு இவ்ளோ எடம் வேணும்.”

“வண்டி திரும்ப எடம் வேணும்னா, நாங்க ஊடு திரும்ப வேணாவா?” என்றாள் கன்னியம்மா.

சொர்ணம் அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, தாங்கித் தாங்கி, சாக்பீஸ் பாதையின் மேல் நடந்து காட்டினாள். நடந்தபடியே ஒரு தீப்பெட்டியைக் காலால் தள்ளினாள். “இத இப்பிடி நவுத்திட்டு, வண்டிங்கள எஸ்டேட் ரோட்டு வழியா உள்ள உட்டா, நான் ஏரி ஓரமா பூடுவேன். ரெண்டு பேருக்கும் இடிக்காது.” பாய் குனிந்து பார்த்தார். இன்னொரு தீப்பெட்டியை நகர்த்தினார். சம்பத் தலையாட்டினார். அவளை யாரும் பரிதாபமாகப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைத்தான் பார்த்தார்கள்.

மணவாளன் உள்ளே போய், ஆட்சேபணையை எழுதப் பெரிய தாளாக எடுத்து வந்தார். (பூட்டைத் திறந்துவிட்டார். விதி முறிந்தது.)

12 செப்டம்பர்

கொடுத்துவிட்டோம். முதல் கையெழுத்து கன்னியம்மா. தெரு முழுக்க அவளுக்குப் பின்னால். கடைசியில் சுலைமான் பாய். அலுவலகத்தில் எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, “லாரிக்கு எடம் கேட்டவரும் கையெழுத்து போட்டிருக்காரு. இது ஆதரவா, ஆட்சேபணையா?” என்றார்.

“லாரிக்கு ஆதரவு. சுவருக்கு ஆட்சேபணை” என்றாள் கன்னியம்மா. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சமும் தாழவில்லை.

5 அக்டோபர்

மணவாளனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். விடுமுறை நாளில் கூட்டம் நடந்ததாமே? அவர் எழுதி வைத்திருந்த பதில்: ‘வெள்ளிக்கிழமை நூலகத்துக்குத்தான் விடுமுறை, வாசகர்களுக்கு அல்ல.’ அழகாக இருக்கிறது, அனுப்ப வேண்டாம் என்றேன். சண்டைப் பெரியவர்கள் இருவரும் சேர்ந்து வேறு எழுதிக் கொடுத்தார்கள்: நாங்கள் வாசகர்கள், படித்த அறிவிப்பைப் பற்றிப் பேசினோம், தொடர்ந்து பேச அனுமதி வேண்டும். முதல் தடவையாக இருவரும் ஒரே கருத்தில்.

8 நவம்பர்

மழை. மனுவுக்குப் பதில் இல்லை. பாதையில் தண்ணீர்.

சொர்ணம் கேட்கிறாள், “இன்னா டீச்சரம்மா, பரிச்ச பேப்பர் திருத்த இத்தினி நாளா?” கேலிதான். ஆனால் கண்ணில் கேலி இல்லை.

2 டிசம்பர், வெள்ளி

மணவாளனுக்கு அனுமதி வந்துவிட்டது. வெள்ளிதோறும், வராண்டாவில் மட்டும், ‘வாசகர்கள் அமைதியான முறையில் பேசிக்கொள்ளலாம்’. அமைதியான முறையில் பேசுவது எப்படி என்று இன்று அரைமணி நேரம் சத்தமாக விவாதித்தோம்.

19 ஜனவரி 1989

பொங்கல் முடிந்து நேற்று திடலில் எல்லைக் கல் நட்டார்கள். காலையில் பிரகாசமும் நானும் போய்ப் பார்த்தோம். எஸ்டேட் சாலைப் பக்கம் மட்டும் கல். ஏரி ஓரம் பாதைக்கு விட்டிருக்கிறார்கள், சாக்பீஸில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறுகல். சொர்ணம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நின்று பேசவில்லை, நேரமாகிவிட்டது என்று கையை மட்டும் ஆட்டினாள். ஒரு நல்ல சாதாரணக் காலை.

பட்டா இன்னும் வரவில்லை. நாளை வெள்ளிக்கு அதுதான் பேச்சு. நான் சொல்லவில்லை, கன்னியம்மா சம்பத்திடம் நேராகச் சொல்லிவிட்டாளாம், லீவு போடாதே என்று.

மாலையில் நூலகம். அறிவிப்புப் பலகையை வராண்டாவுக்கு மாற்றிவிட்டார் மணவாளன். ‘அமைதி காக்கவும்’ உள்ளே, புத்தக அலமாரிப் பக்கம். வேலை விட்டு வந்த கன்னியம்மா படியேறி, புதிதாக ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள். தண்ணீர்க் குழாய் பற்றி ஏதோ. ரோட்டில் போன இருவர் நின்றார்கள். மணவாளன் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். கை காதில் இருந்த பென்சிலுக்குப் போனது. எடுத்தார். அதை அவளிடம் கொடுத்தார், குறித்துக்கொள்ள.

ஏழாம் வகுப்புப் பெண்ணே, நீ இப்போது எங்கே இருக்கிறாயோ. உனக்கும், இதை என்றாவது எடுத்துப் படிப்பவருக்கும் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது, பலகையில் இருக்கும் ஓர் அறிவிப்பைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி வாசித்துவிட்டு, “உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேட்டுப் பார்.