அம்மா சிரித்தால் எப்படி இருக்கும்?

ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். என் மெத்தைதான் நலமில்லை, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. கரிக்கோலால் வரைந்த கையோடு தூங்கிவிடுகிறோம் என்று வார்டன் அறைக்கே வந்து, "இது தலையணை உறையா, அடுப்புத் துணியா?" என்று கத்தினார். கரியை அழிக்க ரொட்டித் துண்டு தருகிறார்கள். பாதியை நாங்கள் தின்றுவிடுகிறோம்.

இந்தப் பருவ ஓவியத் தேர்வுக்கு, சிரிக்கும் முகம் ஒன்றை ஞாபகத்திலிருந்து வரைய வேண்டும். போட்டோ பார்க்கக் கூடாது. நான் அம்மாவை வரைகிறேன். நெற்றி, கண், கூந்தல் எல்லாம் வருகிறது. வாய்க்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. வெள்ளத்தில் ஆல்பம் போன பிறகு நம்மிடம் மிஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு இருக்கிறாள். அவள் இறந்தபோது எனக்கு ஐந்து வயது. அம்மா எப்படிச் சிரிப்பாள், அப்பா? ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

அன்பு மகள்

ஜூலை 14

என் செல்லக் குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. மெத்தைக்குப் பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லி வார்டனுக்கு எழுதுகிறேன். ரொட்டியைத் தின்னாதே, வயிறு கெட்டுவிடும். மருந்துக்கடைக்காரன் பெண்ணுக்கு வயிற்றுவலி என்றால் ஊர் சிரிக்கும்.

நீ கேட்டதற்காக, கடையில் கூட்டம் ஓய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். உடனே வந்துவிட்டது. சிரிப்பதற்கு முன்னால் கண் இரண்டும் சுருங்கும். இடது கன்னத்தில் சின்னதாக ஒரு குழி விழும். மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருக்கும். அதை மறைக்க விரல்களை வாய்க்குக் கொண்டுபோவாள். அதற்குள் சிரிப்பு முந்திக்கொள்ளும்.

உன்னை அங்கே விட்டுவிட்டுத் திரும்பியதிலிருந்து வீட்டில் உன் கட்டிலை நகர்த்தவில்லை. நன்றாகச் சாப்பிடு.

அப்பா

ஆகஸ்ட் 4

அப்பா,

படத்துக்கு முதல் மதிப்பெண். கீழே "என் அம்மா" என்று சீட்டு ஒட்டி, நடைக்கூடத்தில் மாட்டினார்கள். தினமும் படுக்கப் போகுமுன் அதன் முன்னால் நின்று, "தூங்கப் போறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

நேற்று பார்வையாளர் நாளுக்குப் பெரியம்மா வந்திருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சீட்டை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குடி. யாரு இது?"

"என்ன பெரியம்மா, உங்க தங்கச்சியையே தெரியலையா?"

"அவளுக்கு ஏதுடி கன்னத்துல குழி? பல்லெல்லாம் அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும். அவ எப்போ வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா? சிரிச்சான்னா தெருக்கோடி வரைக்கும் கேக்குமே!"

எனக்குத்தான் வரையத் தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் நீங்கள் எழுதியதைத்தான் வரைந்தேன். அந்தப் படத்தில் இருப்பது யார், அப்பா?

மகள்

ஆகஸ்ட் 23

குட்டி,

எழுதுவதும் கிழிப்பதுமாக இத்தனை நாள் போய்விட்டது.

நம் கடையில் போன வருஷத்திலிருந்து பில் போட ஒருவர் வருகிறார். கணவரை இழந்தவர். அது அவருடைய சிரிப்பு. நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை, இதை மட்டும் நம்பு. உன் அம்மாவைத் தேடித்தான் கண்ணை மூடினேன். வந்த முகம் வேறு என்று எனக்கே தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தேன், எதிரே அவர் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே குழி, அதே பல். கூட வாழ்ந்தவளின் சிரிப்பைத் தொலைத்துவிட்டு, அது தொலைந்ததுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து வாழலாமா என்று பேசியது உண்மை. விடுமுறைக்கு நீ வரும்போது சொல்ல நினைத்தேன். மகளை ஹாஸ்டலில் தள்ளிவிட்டு அப்பன் தனக்கொரு வழி பார்த்துக்கொண்டான் என்று நீ நினைத்தால், மறுக்க எனக்கு வாயில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது, விட்டுவிடுகிறேன். படத்தைக் கழற்றிவிடு. தப்பு என்னுடையது.

அப்பா

செப்டம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கிழித்துப் போடத்தான் படத்தைக் கழற்றினேன். முடியவில்லை. அந்த முகம் எனக்கு என்ன கெடுதல் செய்தது? சீட்டை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டினேன்.

உங்கள்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். அதிலும் பாதியில் நின்றுவிட்டேன். நீங்கள் மறந்தது தப்பென்றால், நானும்தான் மறந்தேன். வரையும்போது ஒரு கோடுகூட "இது அம்மா இல்லை" என்று எனக்குச் சொல்லவில்லை. யாரென்றே தெரியாத ஒருவரிடம் தினமும் சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

பெரியம்மாவுக்கு நான் இன்னும் எதுவும் எழுதவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"வேண்டாம்" என்று எழுதப் பேனாவை எடுத்தேன், வரவில்லை. "சரி" என்றும் வரவில்லை. அடுத்த பார்வையாளர் நாளுக்கு, படத்தில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதுவரைக்கும் என் மகள் இப்படி இருப்பாள், அப்படிச் சிரிப்பாள் என்று அவரிடம் எதையும் சொல்லி வைக்காதீர்கள். உங்கள் ஞாபகத்தை நம்ப எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை அவர் நேரில் பார்த்துக்கொள்ளட்டும். நீங்களும்தான்.

உங்கள் மகள்