ஐஸ் ஆற்றில் நின்ற தம்பி

என் ராசாத்தி மதினிக்கு,

நல்லாயிருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கத்தான் வாய் வருது. எங்க போய்க் கேக்க? எனக்குத் தமிழ் எழுத்து தெரியாதே, யாரைப் பிடிச்சு எழுதுறேன்னு நீ யோசிப்ப. நம்ம குடோனுக்குப் புதுசா சங்கரன்கோவில்காரி ஒருத்தி வந்திருக்கா, தங்கம்னு பேரு. நான் சொல்லச் சொல்ல அவ எழுதுறா. நடுவுல அழுதா எழுத மாட்டேன்னு சொல்லியிருக்கா. பார்க்கலாம்.

மட்டாஞ்சேரியில எல்லாம் அப்படியேதான் இருக்கு. சுக்கு மூட்டை வருது, பொறுக்குறோம், தும்முறோம், சாயா குடிக்கிறோம். கடைத்தெரு முனையில ஒருத்தர் டிவி வாங்கி வெச்சிருக்காரு, சாயங்காலமானா ஊரே அங்கதான் நிக்குது. நான் போகல. நீ வாசிச்ச கதையைக் கேட்ட காதுக்கு அதெல்லாம் எங்க பிடிக்குது?

என்ன கதை அது, மதினி! அட்டை கிழிஞ்சு பேரே தெரியாத புத்தகம், பழைய பேப்பர் கடையில நீ பொறுக்கிட்டு வந்தது. நாங்கல்லாம் இங்கயே பொறந்தவங்க, வீட்டுல தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளம். எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு தென்காசியில இருந்து வந்த உனக்குத்தான் தமிழ் வாசிக்கத் தெரியும். சாப்பாட்டு நேரம் பத்தாம வேலை நேரத்துலயும் நீ வாசிப்ப, உன் பங்குச் சுக்கை நாங்க ஆளுக்குக் கொஞ்சமா பொறுக்கிடுவோம். கணக்கப்பிள்ளை முதல்ல கத்தினாரு. கதையில கரடி வந்த அன்னிக்கு அவரே சாக்கு மேல வந்து உக்காந்துட்டாரு.

மரம் அளக்கப் போனவன், படகு உடைஞ்சு பனிக்காட்டுல தனியா மாட்டிக்கிட்டான். வாயில நுழையாத பேரு அவனுக்கு, அதனால நமக்கு அவன் ‘தம்பி’. தீ அணையப் போகுதுன்னு நீ வாசிச்சா நான் முறத்தைக் கீழ வெச்சுடுவேன். “விறகை நனைய விட்டுட்டானே, கூறுகெட்ட பய”ன்னு, பக்கத்துல பொறுக்கிக்கிட்டிருக்கிற ஆமினாக்கா திட்டும். அவன் மரப்பட்டையை அவிச்சுத் தின்ன அன்னிக்கு நான் கொண்டுவந்த கப்பைக் கிழங்கைத் தின்னாம மூடி வெச்சுட்டேன்.

அப்புறம் அந்த ஆறு. பின்னால கரடி, முன்னால ஆறு முழுக்க ஐஸ்.

“மீன் பெட்டியில போடுவாங்களே, அந்த ஐஸா?”ன்னு கேட்டேன்.

“அதேதான்.”

“அதுமேல ஆளு நடந்தா தாங்குமா மதினி?”

நீ அடுத்த வரிக்குப் போயிட்ட. அக்கரையில புகை தெரியுது, வீடு இருக்கு. தம்பி நடு ஆத்துக்கு வந்துட்டான், காலுக்கடியில விரிசல் விடுற சத்தம். நீ டப்புன்னு புத்தகத்தை மூடி, நாளைக்குன்னுட்ட. அடிப்பாவி! மூணு பேரு உன் கையைப் பிடிச்சு இழுத்தோம், நீ அசையல.

ஆமினாக்கா அவனுக்காக தர்காவுக்கு ஊதுபத்தி நேர்ந்துச்சு. நான் அம்மன் கோயில் விளக்குக்கு எண்ணெய் நேர்ந்தேன். நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்ச. “அச்சடிச்சு முடிச்ச கதைக்கு நேர்ச்சையா? இனி எந்தச் சாமி வந்து மாத்தும்?” எண்ணெய்தானே, கேட்டு வைப்போமேன்னேன். சிரிச்சுக்கிட்டே இருந்தவ இருமின. சுக்குத் தூசின்னு நெனச்சோம்.

மறுநாள் நீ வேலைக்கு வரல. அடுத்த வாரம் எறணாகுளம் ஆஸ்பத்திரியில படுத்திருந்த. நான் போட் ஏறி வரும்போதெல்லாம் புத்தகத்தைப் பையில போட்டுக்கிட்டு வருவேன். ஒருநாள் தலகாணிகிட்ட வெச்சு, “நீ மட்டுமாவது படிச்சுப் பாரேன்”னேன். மூச்சு வாங்கிக்கிட்டே தள்ளி வெச்ச.

“நான் மட்டும் தெரிஞ்சுக்கிட்டா ஆமினாக்கா என்னைக் கொன்னுடும். அவன் அங்கயே நிக்கட்டும். நான் வந்து கரையேத்துறேன்.”

நீ வருவேன்னுதான் நானும் நம்பினேன். அன்னிக்கு போட்டுல திரும்பும்போது உனக்காக நேர்ந்தேன். எண்ணெய் இல்ல. முடி. இடுப்புக்குக் கீழ தொங்குற என் முடியை மொத்தமா குடுத்துடறேன், எங்க மதினியை அனுப்பிடு தாயேன்னு கேட்டேன். ஆமினாக்கா உனக்காக நோன்பு பிடிச்சுச்சு.

நீ வரல. அதுக்கப்புறம் புத்தகம் குடோன் மாடத்துல கிடந்துச்சு, ஒருத்தரும் தொடல. போன வாரம் தங்கம்தான் எடுத்துத் தூசி தட்டி, “நான் வாசிக்கட்டுமா?”ன்னு கேட்டா. அவ பங்கை நாங்க பிரிச்சுக்கிட்டோம். உன்னைப் போல ஏத்தி இறக்கி வாசிக்க அவளுக்கு வரல. ஆனாலும் எல்லாருக்கும் கை நின்னு போச்சு.

தம்பி பொழைச்சுட்டான், மதினி. ஐஸ் உடைஞ்சு இடுப்பு வரைக்கும் முங்கினவன் ஊர்ந்து ஊர்ந்து அக்கரைக்குப் போயிட்டான். புகை வந்த வீட்டுல ஒரு கிழவி கதவைத் திறந்தா. ஆமினாக்கா “அல்ஹம்துலில்லாஹ்”ன்னு கத்திட்டு, உடனே வாயைப் பொத்திக்கிச்சு. யாரும் யாரையும் பார்க்கல. கணக்கப்பிள்ளை எழுந்து வெளிய போயிட்டாரு.

அண்ணன்கிட்ட சொன்னேன். உன் புத்தகத்தை எப்பவும் கிண்டல் பண்ணுமே, அதுதான் கேட்டுச்சு: “அந்த ஆளு வீட்டுக்குப் போயிட்டானா?” ஆமான்னேன். சோத்தைப் பாதியில வெச்சுட்டு எழுந்துடுச்சு.

எனக்குப் பத்திக்கிட்டு வருது. ரெண்டும் இதே வாயால கேட்டதுதானே? இல்லாத ஒருத்தனுக்கு விளையாட்டாக் கேட்டது பலிச்சுது. உனக்குக் கேட்டது ஏன் பலிக்கல? இல்ல, நீ சொன்ன மாதிரி உன் கதையும் அப்பவே அச்சடிச்சு முடிஞ்சுதான் இருந்துச்சா?

வர்ற வெள்ளிக்கிழமை எண்ணெயைக் கொண்டுபோய் ஊத்திடறேன் மதினி, இது சத்தியம். தம்பிக்குச் சொன்ன சொல்லு, அவன் கரையேறிட்டான், நான் குடுத்தாகணும். அதுக்கப்புறம் அந்த அம்மன்கிட்ட எனக்குக் கேக்க ஒண்ணும் இல்ல. உனக்கு நேர்ந்த முடி என் தலையிலேயே இருக்கு. தினம் காலையில சீவி முடிஞ்சுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன்.

உன் பங்குச் சுக்கை இன்னும் பொறுக்கத் தயாரா இருக்கிற நாத்தனா,
இசக்கியம்மா