கடலடிப் புழுவின் ரத்தம்

நேற்று என் தம்பி வீட்டு டிவியில் உங்கள் புழுக்களைப் பார்த்தேன். கலரில். ஆள் உயரத்துக்கு வெள்ளைக் குழாய்கள், நுனியில் ரத்தச் சிவப்பாக இறகு மாதிரி ஒன்று, கடலின் அடி இருட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் கரும்புகை குபுகுபுவென்று வந்தது. தம்பி எழுந்து டிவியை அணைத்துவிட்டான். பேரப்பிள்ளைகள் கத்தினார்கள். "வேணாங்க்கா" என்றான் என்னைப் பார்த்து. அவனுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது.

உங்களுக்கு அவை கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் கிடைத்தன. எண்பதுகளில், நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு டாக்டர்கள் போட்டுவிட்டுப் போன பழைய பத்திரிகைகளை உங்களுக்காகத் தூக்கி வருவேன். ஒரு நாள் அப்படி ஒன்றைப் பிரித்தவர் சோற்றையே மறந்துவிட்டீர்கள். மூன்று பேர் ஒரு சின்ன நீர்மூழ்கிக்குள் நெருக்கி உட்கார்ந்து கடலின் அடிக்குப் போகிறார்கள். வெயிலே எட்டாத இடம், ஒன்றும் இருக்காது என்று எல்லோரும் நினைத்த இடம். அங்கே தரை பிளந்து சுடுதண்ணீர் பீய்ச்சுகிறது, அதைச் சுற்றி உயிர் மண்டிக் கிடக்கிறது. "வாயும் இல்ல, வயிறும் இல்ல, எப்படிடி இது உயிரோட இருக்கு?" என்று என்னைக் கேட்டீர்கள். காலேஜில் விலங்கியல் நடத்துகிறவர் நீங்கள். ஆஸ்பத்திரியில் பெட்பேன் தூக்குகிற என்னைக் கேட்டால்?

பதிலையும் நீங்களே சொன்னீர்கள். அந்தத் தண்ணீரில் அழுகின முட்டை நாற்றமடிக்கிற வாயு கலந்து வருகிறதாம். புழுவின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை வைத்துச் சாப்பாடு செய்து போடுகின்றனவாம். "நம்ம ஊரு நாத்தம்டி அது! டேனரி நாத்தம்!" என்று குதித்தீர்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தோல் பதனிடும் டேனரிகள் நிறைந்த இந்த ஆம்பூருக்குக் கல்யாணம் கட்டி வந்த நாள் முதல் அந்த நாற்றத்தில்தான் சோறு பொங்குகிறேன். அதைத் தின்று ஒன்று வாழ்கிறது என்றதும் ஆறிப்போன உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்புறம் உங்களுக்குப் பைத்தியம் முற்றியது. டேனரிச் சாக்கடையில் வெள்ளையாக நூல் நூலாக மிதக்குமே, அதுவும் அந்த வாயுவில் வாழ்கிற நுண்ணுயிர்தான், கடலடியில் இதன் சொந்தக்காரர்கள் பாய் விரித்த மாதிரி கிடக்கிறார்கள் என்றீர்கள். ஊறுகாய் பாட்டிலில் பிடித்து வந்து என் சமையல்கட்டு ஜன்னலில் வைத்தீர்கள். நான் கத்தினேன். "அவ்ளோ ஆழத்துக்கு நம்மால போக முடியாது. எனக்கு இதுதான் கடல்" என்றீர்கள். வாரத்துக்கு வாரம் அந்த நூல் ஜாஸ்தியானது. நம் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கும் வந்துவிட்டது.

தம்பி அப்போது அந்த டேனரியில்தான் மேஸ்திரி. ஒரு நாள் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அந்தப் புழுவோட ரத்தத்துல ஒரு வித்தை இருக்குடா. விஷத்தைப் பத்திரமா கட்டி வச்சுக்கும். நம்ம ரத்தத்துக்கு அது தெரியாது. ரெண்டு மூச்சுல ஆளு காலி" என்றீர்கள்.

"இன்னா மாமா, பொறந்ததுல இருந்து மோந்துக்கினுதானே இருக்கோம்" என்று சிரித்தான்.

நீங்கள் சிரிக்கவில்லை. "நாத்தம் அடிச்சா விலகு. திடீர்னு நின்னுடுச்சுன்னா ஓடு. வாயு போகல, உன் மூக்குதான் செத்துப்போச்சு."

"அரிக்கேன் எறக்கிப் பாத்துட்டுத்தான் எறங்குவோம் மாமா." கிணறு தூர்வாருகிறவர்களின் வழக்கம் அது, விளக்கு எரிந்தால் உள்ளே காற்று நல்லது, அணைந்தால் கெட்டது.

"இது ஆளைக் கொல்ற அளவு இருந்தாலும் விளக்கு எரியும்டா!"

அவன் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தான்.

ஆம்பூரில் வார லீவே வெள்ளிக்கிழமைதான். அந்த வெள்ளிக்கிழமை டேனரிக்கும் லீவு, உங்கள் காலேஜுக்கும் லீவு. நீங்கள் பாட்டிலோடு டேனரி ஓரத்து வாய்க்காலுக்குப் போனீர்கள். டேனரிக்குள்ளே கழிவுத் தொட்டியைத் திறந்து சுத்தம் செய்ய ஆட்கள் வந்திருந்தார்கள். தம்பி விளக்கை இறக்கினான், நன்றாக எரிந்தது. "நாத்தமே இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கியவன் பாதியிலேயே சரிந்துவிட்டான். கூச்சல் கேட்டு ஓடினீர்கள். அவன் பின்னாலேயே இறங்கப் போன இன்னொருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினீர்களாம். "எவனும் எறங்காதீங்க, செத்துடுவீங்க!" என்று கத்தினீர்களாம். சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு நீங்கள் இறங்கினீர்கள். எல்லாம் வாட்ச்மேன் எனக்குச் சொன்னது.

அடப் பாவி மனுஷா! அவன் தெரியாமல் இறங்கினான், மன்னித்துவிடலாம். அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். இத்தனை வருஷமாக உங்களோடு நான் போடுகிற சண்டை இது ஒன்றுதான்.

மூச்சை அடக்கிக்கொண்டுதான் இறங்கினீர்கள். கன்னம் இரண்டும் உப்பியிருந்ததாம். அவன் அக்குளில் கயிற்றைக் கொடுத்து முடிச்சும் போட்டுவிட்டீர்கள். மேலே நின்றவர்கள் பயத்தில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை ஆட்டினீர்கள், புரியவில்லை. மறுபடி ஆட்டினீர்கள். அப்புறம்தான் வாயைத் திறந்து, "இழுங்கடா!" என்றீர்கள். கத்தினவர் அடுத்த மூச்சை இழுக்காமல் இருக்க முடியுமா? தம்பி மேலே வந்தான், மூச்சு இருந்தது. உங்களுக்காக இறக்கின கயிறு சும்மா வந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தம்பி குடும்பத்தோடு என் வீட்டுக்குச் சாப்பிட வருவான். சாப்பிட்டதும் கூடத்தில் மல்லாந்து படுத்துக் குறட்டை விடுவான். தெருவுக்கே கேட்கும். அவன் பெண்டாட்டி, "எழுப்புங்க அண்ணி, மானம் போவுது" என்பாள். நான் எழுப்புவதில்லை. நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன்.